கொழுந்தியாள் கடைக்கு மெஷின் பார்த்த கதை

மலேசியாவில், ஈப்போவில் காபி மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். முப்பது வருடமாக அதையே செய்வதால் வீட்டில் எனக்கு எந்த மதிப்பும் கிடையாது. என் மனைவி மேரி திண்டுக்கல்காரி. அவள் ஒரு நாள் காலையில், "இதுக்கு உங்களை விட்டா வேற ஆள் கெடையாதுங்க" என்று ஆரம்பித்தபோதே எனக்குப் பகீர் என்றது. அவள் தங்கை ஸ்டெல்லா திண்டுக்கல்லில் காபிக் கடை திறக்கப் போகிறாளாம். எந்த மெஷின் வாங்குவது என்று பார்த்துச் சொல்ல நான் போக வேண்டுமாம். அக்காவும் தங்கையும் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது.

விஷயம் அவ்வளவு லேசானதில்லை. ஸ்டெல்லா பதினெட்டு வருடமாக ஒரு கான்வென்ட் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டாள். பள்ளியின் தாளாளரான சிஸ்டர் அதை ஏற்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. "சனிக்கிழமை கடைய நானே வந்து பாக்குறேன். அதுவரைக்கும் லெட்டர் என் பையில கெடக்கட்டும். அன்னைக்கு நீ என்ன சொல்றியோ அதுதான் முடிவு" என்று சொல்லியிருந்தார். அதாவது சனிக்கிழமைக்குள் கடையில் ஒரு மெஷின் இருக்க வேண்டும், அதிலிருந்து குடிக்கிற மாதிரி ஒரு காபி வர வேண்டும். இல்லாவிட்டால் ஜூன் மாதம் ஸ்டெல்லா மறுபடியும் சாக்பீஸைத் தூக்க வேண்டியதுதான்.

நான் திண்டுக்கல்லில் இறங்கியது திங்கட்கிழமை மத்தியானம், மே மாத வெயிலில். பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டரோடு நின்றவர் அருள்ராஜ். ஸ்டெல்லாவின் கணவர், என் சகலை. மின்வாரியத்தில் வேலை. அதிகம் பேசாத மனிதர் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு இரண்டு தெரு முன்னாலேயே ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, ஒரே ஒரு உதவி. எந்த மிசினைக் காமிச்சாலும் இது சரிப்பட்டு வராதுன்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா அவ கேப்பா."

"ஏன் அருள்?"

"மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலைண்ணே. அதை விட்டுப்புட்டு டீ ஆத்தப் போறேங்குறா."

"டீ இல்ல, காபி" என்றேன்.

"எதையாச்சும் ஆத்தட்டும். வேலைல இருந்துக்கிட்டு ஆத்தச் சொல்லுங்க."

நான் தலையை ஒரு மாதிரி ஆட்டி வைத்தேன். ஈப்போவில் அந்த ஆட்டலுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. திண்டுக்கல்லில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் நிம்மதியாக வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம் கால் கழுவியது. பின்கட்டில் இரண்டு டிரம் இருந்தன, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. நீல டிரம்மின் மேல் தட்டு போட்டு, தட்டின் மேல் ஒரு கல்லும் வைத்திருந்தார்கள். கல்லை எடுத்து வைத்துவிட்டு இரண்டு செம்பு மொண்டு காலில் ஊற்றினேன். திரும்பினால் புருஷனும் பெண்டாட்டியும் நிலைப்படியில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், அது நல்ல தண்ணி" என்றாள் ஸ்டெல்லா, மெதுவாக.

அப்புறம்தான் விளக்கினார்கள். நீலத்தில் இருப்பது ஆத்தூர் அணைத் தண்ணீர். குழாயில் அதற்கு மனசு வரும்போது வரும், கோடையில் மனசு வருவதே அபூர்வம். கறுப்பில் இருப்பது போர்த் தண்ணீர், உப்பு. வாய்க்குள் போவதெல்லாம் நல்ல தண்ணி, மற்றதுக்கெல்லாம் உப்புத் தண்ணி. இது இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத சட்டம். நீல டிரம்முக்குக் காவல் அருள். காலையில் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்து, இன்னும் எத்தனை குடம் மிச்சம் என்று வாய்க்குள்ளேயே எண்ணிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். எங்கள் ஊரில் தினம் சாயங்காலமானால் மழை கொட்டும். நான் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டதெல்லாம் அது ஒழுகும்போதுதான்.

செவ்வாய்க்கிழமை கடையைப் பார்த்தேன். ஜாபர் பாய் என்பவரின் பிரியாணிக் கடைக்குப் பக்கத்து ஷட்டர். கட்டிடமும் அவருடையதுதான். உள்ளே ஸ்டெல்லா வெள்ளையடித்து, ஆறு மேஜை போட்டு, ஜன்னலுக்குத் துணி தைத்து மாட்டியிருந்தாள். மெஷினுக்கு ஒதுக்கிய மேடை மட்டும் காலியாக இருந்தது. நான் மேடையை அளந்துகொண்டிருந்தபோது ஜாபர் பாய் ஒரு தட்டில் பிரியாணி கொண்டுவந்து வைத்தார். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

"காலைல சாப்பிட்டேன் பாய்" என்றேன்.

"அது காலைல சாப்பிட்டது. இது வேற" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சீரகச் சம்பா, சின்னச் சின்னக் கறித்துண்டு, மிளகு தூக்கலாக. ஈப்போவில் பிரியாணி என்று எதை எதையோ சாப்பிட்டிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுதி அங்கே வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

ஸ்டெல்லாவோடு கடை கடையாக ஏறுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், மீதிப் பேர் படித்தவர்களின் அப்பா அம்மா. பாத்திரக் கடையில் பெரிய ஸ்டீல் ஃபில்டர் பார்த்தோம். ஒரே தடவையில் நூறு காபிக்கு டிகாக்ஷன் இறங்கும் சைஸ். கடைக்காரர் அதைக் காட்டுவதை விட்டுவிட்டு, தன் மகள் பிளஸ் டூவில் எந்த குரூப் எடுக்கலாம் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்டெல்லா மகளுக்கு காமர்ஸ் தேர்ந்தெடுத்தாள், ஃபில்டரைப் பிறகு பார்க்கலாம் என்றாள்.

அடுத்தது பட்டனை அழுத்தினால் காபி கொட்டும் மெஷின் விற்கிற ஷோரூம். விற்பனைக்கு நின்ற இளைஞன் ஸ்டெல்லாவைக் கண்டதும் விறைத்துப் போனான். பிரபு என்று பெயர், முப்பது வயது இருக்கும், கழுத்தில் டை. அவள் மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பரீட்சை ஹாலில் நடக்கிற அதே நடை.

"இந்தப் பொடியில என்னப்பா இருக்கு?"

"பால் பவுடர் மிஸ், சர்க்கரை மிஸ், காபி எக்ஸ்ட்ராக்ட் மிஸ்."

"அப்பறம்?"

பிரபு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். "மிச்சத்தைக் கம்பெனில சொல்லலை மிஸ்" என்றான்.

"சொல்லாததை நீ எப்படிப்பா விக்கிற?" என்று கேட்டுவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள். "நல்ல பையன்தான் அத்தான். அப்பவும் இப்படித்தான், பாதி விடை எழுதிட்டு உக்காந்துருப்பான்."

அன்று சாயங்காலம் அருள் என்னைத் தனியாகப் பிடித்தார். இரண்டும் வேண்டாம் என்று ஆனதில் அவருக்கு ஏகச் சந்தோஷம். இதில் என் கைவேலை ஒன்றும் இல்லை என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. "நீங்க பெரிய ஆளுண்ணே" என்று சொல்லி எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை பாலசமுத்திரம் போனோம், பழனிக்குப் பக்கத்தில். அங்கே ஒரு தோட்டக்காரரிடம் பழைய இத்தாலி மெஷின் ஒன்று சும்மா கிடப்பதாக ஜாபர் பாய்க்குத் தெரிந்தவர் யாரோ சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் காதில் விழுகிற தமிழே மாறிவிட்டது. முன் சீட்டில் ஒரு அம்மாள் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' வைத்து. இவ்வளவு மரியாதையோடு நடந்த சண்டையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

தோட்டக்காரர் பெயர் குப்புசாமி. கொடைக்கானல் போகிறவர்களை நம்பி ரோட்டோரமாகக் காபிக் கடை போட்டு, ஒரு வருடத்தில் மூடிவிட்டுக் கொய்யாவுக்குத் திரும்பியவர். மெஷின் மோட்டார் ரூமில் இருந்தது. வேட்டி போட்டு மூடியிருந்தார். வேட்டியை எடுத்தால், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்திருந்தன.

"ஏனுங்க, மலேசியாவுலயும் இதேதானுங்களா?" என்று கேட்டார்.

"இதேதான். பொட்டு மட்டும் இருக்காது."

இரண்டு கை உள்ள மெஷின். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குக் காபி இறக்கலாம். பக்கத்துக்கு ஒன்றாகப் பால் நுரைக்கும் ஆவிக் குழாய். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். பாய்லர் சுவரெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஆனால் செம்பு செம்பாகவே இருந்தது, ஒரு வால்வுகூட அரிக்கவில்லை. இப்படி ஒன்று எங்கள் ஊரில் கிடைத்தால் நான் என் வீட்டுக்கே தூக்கிப் போயிருப்பேன். அருளுக்குத் தலையாட்டியது அப்போது என் நினைவிலேயே இல்லை. "நல்ல சாமான் ஸ்டெல்லா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் கைப்பிடியை ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டாள். கடைவீதியில் பார்த்த டீச்சர் அங்கே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு இது வேண்டும் என்பது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தது.

"எடுத்துட்டுப் போயி மூணு நாள் ஓட்டிப் பாருங்க" என்றார் குப்புசாமி. "புடிச்சா வெச்சுக்குங்க. புடிக்கலீன்னா கொண்டாந்து விட்டுருங்க. அது இங்க சும்மாதானுங்க நிக்குது."

திரும்பி வர ஒரு லோடு வண்டி பிடித்தோம். வண்டி போன வாரம் அய்யலூர் சந்தைக்குப் போய் ஆடு ஏற்றி வந்ததாம். டிரைவர் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். இத்தாலியிலிருந்து வந்த மெஷினை ஆட்டுப் புழுக்கைக்கு நடுவே கயிறு போட்டுக் கட்டினோம். ரெட்டியார்சத்திரம் வந்ததும் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். "இது போன வாரத்துப் பஞ்சர் சார்" என்று டிரைவர் அதைத் தனியாகச் சொன்னார்.

எதிரே ஒரு டீக்கடை இருந்தது. பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது, பெஞ்சில் ஏழெட்டு ஆண்கள். நான் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "ஸ்டெல்லா, வா" என்றேன். அவள் வண்டிக்குள்ளிருந்தே, "இங்கனயே குடிச்சுக்கிறேன் அத்தான்" என்றாள். டிரைவர் ஜன்னல் வழியாகக் கிளாஸை நீட்டினார். ஆட்டு வாடைக்குள் உட்கார்ந்து, அவசர அவசரமாக நாலு மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள். பஞ்சர் ஒட்ட ஒரு மணி நேரம் ஆனது. அவசரத்துக்கு ஒரு காரணமும் இல்லை.

நான் கிளாஸை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"பதினெட்டு வருசமா ஸ்டாஃப் ரூம்ல பத்து நிமிஷ இன்டர்வெல்லுல இப்படித்தான் குடிச்சுருக்கேன்" என்றாள். "ஒரு பொம்பளை தனியா உக்காந்து ஒரு காபிய நிதானமாக் குடிச்சுட்டு எந்திரிக்க நம்மூர்ல ஒரு எடம் காட்டுங்க அத்தான். ஓட்டலுக்குள்ள போனா எத்தன பேருங்குறான். ஒருத்திதான்னா பார்சலாங்குறான்."

எத்தனை ஊரில் எத்தனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒரு தரம்கூட இது என் புத்தியில் பட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அருளுக்குச் செய்வதாக ஒப்புக்கொள்ளாமலே ஒப்புக்கொண்ட உதவியை அந்த ரோட்டோரத்திலேயே கைகழுவினேன்.

வியாழக்கிழமை முழுவதும் மெஷினின் வயிற்றில் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டை, கரைத்து ஊற்றிச் சுண்ணாம்பை எடுத்தேன். அது நுரைத்துக் கரைந்ததைப் பார்த்து ஸ்டெல்லா அதற்கான சமன்பாட்டை முணுமுணுத்தாள். அருள் டெஸ்டரோடு வந்து, இந்த லைன் இவ்வளவு லோடு தாங்காது என்றார். அதற்கு ஸ்டெல்லா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அரை மணியில் அவரே தடித்த வயராக மாற்றிக் கொடுத்துவிட்டு, "தாங்கும், ஆனா தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பக்கம் ஒரு பார்வையும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு. ஊரில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம், எங்களுக்காவது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டாமா? கேட்டால், "பேப்பர்ல போட்டிருந்தாங்கள்ல அண்ணே" என்றார் அருள். கரண்ட் வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி: உள்ளே ஒட்டியிருக்கும் எலுமிச்சை உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். அதில் எனக்கு வேலை எதுவும் இல்லை. மேரி சிறுமலை வாழைப்பழம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள், அது நினைவுக்கு வந்தது.

"நாப்பது லிட்டராவது ஓட்டிக் கொட்டணும் ஸ்டெல்லா. நெரப்பு, சூடாக்கு, வடி. மூணு தடவை. அப்பறம் நெரப்பி அப்படியே விட்டுரு. நாளைக்கு காபிக்கு நல்ல தண்ணி கேன் மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பழக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மெஷின் பளபளவென்று நின்றது. ஸ்டெல்லா வியர்த்து வழிந்து, திருப்தியாக உட்கார்ந்திருந்தாள். "அம்புட்டும் கொட்டியாச்சு அத்தான்" என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சிஸ்டர் வந்தார். அறுபது வயது, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு கறுப்புப் பை. அந்தப் பைக்குள்தான் கடிதம் இருந்தது. வரும்போதே, "கடை நல்லாருக்கும்மா. செத்தப் பெருசா இருந்திருக்கலாம்" என்றார். ஜாபர் பாய் வந்து ஓரமாக நின்றார். அருள் லீவு போட்டிருந்தார். எதற்கு லீவு என்று கேட்டதற்கு, சும்மா என்றார்.

ஸ்டெல்லா நிதானமாகச் செய்தாள். ஆத்தூர்த் தண்ணீர் கேனை நானே மாட்டியிருந்தேன். டிகாக்ஷன் தேன் நிறத்தில் இறங்கியது. வாசனை பிரியாணி வாசனையையே ஓரங்கட்டியது. பால் நுரைக்கும்போது மட்டும் ஆவிக் குழாய் இரண்டு தரம் துப்பியது. புது இடம், அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். நாலு கப். முதல் கப் சிஸ்டருக்கு.

சிஸ்டர் ஒரு வாய் குடித்தார். கப்பை மெதுவாகத் தட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜாபர் பாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "யா அல்லாஹ்" என்றார். அதில் பாராட்டு இல்லை.

நான் குடித்தேன். புளித்திருந்தால் எலுமிச்சை உப்பு சரியாகக் கழுவவில்லை, என் தப்பு என்று ஆகியிருக்கும். புளிக்கவில்லை. உப்புக் கரித்தது. ரசத்துக்கு இரண்டாம் தரம் உப்புப் போட்ட மாதிரி. ஆவி துப்பியது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. கேன் தண்ணீர் காபிக்கு மட்டும்தான், ஆவி வருவது பாய்லரிலிருந்து. அதற்குள் உப்புத் தண்ணீர் கொதித்து நுரைத்து, ஆவியோடு சேர்ந்து பாலுக்குள் வந்துகொண்டிருந்தது.

"ஸ்டெல்லா, நேத்து கழுவுனது எந்தத் தண்ணியில?"

"போர்த் தண்ணியிலதான்."

"நாப்பது லிட்டரும்?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "கழுவிக் கீழ கொட்டுறதுக்கு எவளாச்சும் நல்ல தண்ணி ஊத்துவாளா அத்தான்?"

நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தருக்கும் இதில் தப்பு என்ன என்று புரியவில்லை. சிஸ்டர்கூட, "அதானே" என்றார். கடைசியாக நிரப்பி விடச் சொன்னதையும் அதிலேயே நிரப்பியிருந்தாள். கழுவுகிற தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிற இடமும் உண்டு என்று நான் சொல்லவே இல்லை. காலில் இரண்டு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றியதற்கே என்ன ஆனது என்று பார்த்தவன், நாற்பது லிட்டரைக் கொட்டச் சொல்லிவிட்டு வாழைப்பழம் வாங்கப் போயிருக்கிறேன்.

பாய்லர், உப்பு, ஆவி என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே ஸ்டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. "கடின நீர் பாடம். பதினெட்டு வருசமா நான்தான் நடத்துறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் அப்படியே சுருங்கிப் போனது. நான் அவளை அழுது பார்த்ததில்லை. அப்போதும் அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

சிஸ்டர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். "போதும்மா. இது உனக்கு ஒத்து வராது. பாடம் நடத்துறதுதான் உனக்கு வரும். ஆசைப்பட்ட, பாத்துட்ட. ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் வந்துரு. இந்த லெட்டரை நான் கிழிச்சுப் போட்டுர்றேன்." பையின் ஜிப்பைத் திறந்தார்.

அருள் ஐந்து நாளாகக் காத்திருந்த வார்த்தை அது. அவரைப் பார்த்தேன். மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். தன் வாயால் நூறு தடவை சொன்னதை வேறொரு வாய் சொன்னதும் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். பெண்டாட்டியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், என்னிடம் கேட்டார்.

"எம்புட்டு வேணும்ணே?"

"நாப்பது லிட்டர். நல்ல தண்ணி."

"சிஸ்டர், செத்த நேரம் உக்காருங்க" என்றார். "தண்ணி எடுத்துட்டு வாரேன்."

கேன் போடுகிறவர் மத்தியானம்தான் வருவார். அருள் ஸ்கூட்டரில் போய் இரண்டு குடத்தோடு வந்தார். மறுபடியும் போனார், மறுபடியும் இரண்டு குடம். சட்டை நெஞ்சு வரை நனைந்திருந்தது. நீல டிரம்முக்கு இத்தனை வருடம் காவல் இருந்தவர் தன் கையாலேயே அதைக் காலி செய்துகொண்டிருந்தார். ஸ்டெல்லா குடத்தை வாங்காமல், "இது குடிக்கிற தண்ணிங்க" என்றாள்.

"தெரியும். ஊத்து."

நிரப்பினோம், சூடாக்கினோம், வடித்தோம். வடிகிற தண்ணீர் சாக்கடைக்குப் போவதை யாராலும் பார்க்க முடியவில்லை. ஜாபர் பாய் ஓடிப் போய் பிரியாணி கிண்டும் பெரிய தேக்சாவைக் கொண்டுவந்து குழாய்க்குக் கீழே வைத்தார், பாத்திரம் கழுவ ஆகுமாம். அது நிறைந்ததும் சிஸ்டர் தானே ஒரு வாளியைத் தள்ளி வைத்தார். மூன்றாம் தரம் வடித்துவிட்டுக் கடைசிக் குடத்தை ஊற்றி நிரப்பியபோது மணி பதினொன்றே முக்கால். யாரும் கிளம்பவில்லை.

மறுபடியும் காபி இறக்கினாள். ஆவிக் குழாய் துப்பவில்லை. சிஸ்டர் ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், பிறகு கப்பைக் காலி செய்தார். அதற்கப்புறம் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, ஸ்டெல்லாவிடம் நீட்டாமல் அருளைப் பார்த்தார்.

"சார், இதை ஏத்துக்காம வச்சிருங்கன்னு நீங்கதானே எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டீங்க? இப்ப என்ன செய்ய?"

ஜாபர் பாய் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு நாசூக்காக வெளியே போனார். எனக்கும் போக ஆசைதான், தூக்குவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அருள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஃபைல்ல போட்டுருங்க சிஸ்டர். வேற டீச்சர் பாருங்க."

ஸ்டெல்லா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா?"

"ஆமா."

அவள் திரும்பி ஒரு கப்பைத் துடைத்தாள். காபி இறக்கினாள், பால் நுரைத்தாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுல குடிக்கத் தண்ணி இருக்கா?"

"ஒரு செம்புகூட இல்ல."

கப்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப இதக் குடிங்க."